லினக்ஸில் விண்டோஸ் அளவைக் கருவி மென்பொருள்: முதலில் கேபிளைப் பாருங்கள்

ஆசிலோஸ்கோப், பவர் சப்ளை, லாஜிக் அனலைசர், மல்டிமீட்டர் என்று எதை வாங்கினாலும் கூடவே ஒரு மென்பொருள் வரும். அது பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸ் கணினி வைத்திருப்பவர் உடனே கேட்பது, "இது வைனில் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) ஓடுமா?" என்றுதான். ஓடும். திரை திறக்கும், பொத்தான்கள் அடுக்காக வந்து நிற்கும், வரைபடக் கட்டமும் தெரியும். "கருவி கிடைக்கவில்லை" என்ற ஒற்றை வரியில் எல்லாம் நின்றுபோகும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: அந்த நிரல் கருவியோடு எந்த வழியாகப் பேசுகிறது? வேலை ஐந்து நிமிடத்தில் முடியுமா, ஒரு வார இறுதியைத் தின்னுமா என்பதை அந்த வழிதான் தீர்மானிக்கிறது.

காரணம் வைனின் அமைப்பிலேயே இருக்கிறது. 1993-இல் தொடங்கிய வைன், விண்டோஸை முழுதாக நடிப்பதில்லை. நிரல் விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் (கோப்பைத் திற, திரையில் வரை, நெட்வொர்க்கில் அனுப்பு) லினக்ஸ் அறிந்த வேண்டுகோளாக மாற்றிக் கொடுக்கிறது. இது பயனர் தளத்தில் நடக்கும் வேலை. யுஎஸ்பி டிரைவர் அந்தத் தளத்தில் இல்லை. அது விண்டோஸ் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் உட்கரு) உட்கார்ந்து வன்பொருளை நேரடியாகப் பிடிக்கும் துண்டு. வைனில் விண்டோஸ் கர்னல் கிடையாது. அந்த டிரைவருக்கு உட்கார இடமும் கிடையாது. கர்னல் பகுதியைப் போலச் செய்யும் சிறு முயற்சிகள் வைனுக்குள் உண்டு. ஆனால் அளவைக் கருவி விஷயத்தில் அவற்றை நம்பித் திட்டம் போடக் கூடாது.

ஆகவே நிரல் லினக்ஸுக்கும் தெரிந்த வழியில் பேசினால் வைன் போதும். தனக்கென்று ஒரு டிரைவரைக் கொண்டுவந்தால் விர்ச்சுவல் மெஷின் (லினக்ஸுக்குள் விண்டோஸை ஓட்டும் மெய்நிகர் கணினி) வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே, விண்டோஸ் நிரலே வேண்டாம் என்று முடியும் நிலைமைகள் ஏராளம்.

எந்த வழி என்று கண்டுபிடிப்பது

கருவியைச் செருகிவிட்டு எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு எண்கள் வரும். முதலாவது தயாரிப்பாளர் எண், இரண்டாவது பொருள் எண். 0403:6001 என்று வந்தால் உள்ளே இருப்பது எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி-சீரியல் சில்லு. 0925:3881 என்றால் எட்டு சேனல் லாஜிக் அனலைசர் வகை. பிறகு டிமெசேஜ் (dmesg) கட்டளையில் கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். கர்னல் அந்தக் கருவிக்கு எந்த டிரைவரை ஒட்டியது, என்ன பெயர் கொடுத்தது என்று அங்கே எழுதியிருக்கும். டிடிஒய்-யுஎஸ்பி-0, டிடிஒய்-ஏசிஎம்-0 என்றால் சீரியல் போர்ட். யுஎஸ்பிடிஎம்சி-0 என்றால் அளவைக் கருவிகளுக்கான பொதுத் தரம். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் தயாரிப்பாளரின் சொந்த நெறிமுறை.

இன்னொரு சாட்சி, விண்டோஸ் டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் கோப்பு. அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறக்கும். அதில் கிளாஸ் என்று தொடங்கும் வரியில் போர்ட்ஸ் என்றிருந்தால் நிரலுக்குக் கிடைப்பது காம் போர்ட். எச்ஐடி கிளாஸ் என்றால் விசைப்பலகை, மவுஸ் போகும் அதே பாதை. கோப்புக்குள் வின்யுஎஸ்பி என்ற பெயரோ தயாரிப்பாளரின் சொந்த சிஸ் (டிரைவர்) கோப்போ குறிக்கப்பட்டிருந்தால் வைனில் நேரம் செலவிட வேண்டாம். இதில் ஒரு பொறி உண்டு: பல ஐஎன்எஃப் கோப்புகள் யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் இருக்கும். கிரெப் கட்டளை கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது, கோப்பில் விஷயமே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். எடிட்டரில் திறந்து கண்ணால் பாருங்கள்.

நிரல் நிறுவப்பட்ட கோப்புறையில் உள்ள டிஎல்எல் கோப்புகளின் பெயர்களும் காட்டிக்கொடுக்கும். விசா32 என்று ஒன்றை நிரல் கேட்டால் அது விசா நூலகம் (அளவைக் கருவிகளோடு பேசுவதற்கான பொது மென்பொருள்) வழியாகப் பேசுகிறது. எஃப்டிடி2எக்ஸ்எக்ஸ் இருந்தால், காம் போர்ட்டைத் தவிர்த்து எஃப்டிடிஐ சில்லோடு நேரடியாகப் பேசுகிறது. வெளியில் பார்க்க இரண்டுமே அதே யுஎஸ்பி கேபிள்தான். செய்ய வேண்டியது முற்றிலும் வேறு.

நெட்வொர்க் இருந்தால் அதையே பிடியுங்கள்

கருவியின் பின்புறம் ஈத்தர்நெட் போர்ட் இருந்தால் யுஎஸ்பியை மறந்துவிடலாம். நெட்வொர்க் இணைப்புக்கு டிரைவர் தேவையில்லை. சாக்கெட் திறப்பது வைன் மிக நன்றாகச் செய்யும் வேலை. நேரடி சாக்கெட்டில் எஸ்சிபிஐ எனும், அளவைக் கருவிகளுக்கான பொது எழுத்துக் கட்டளைகளைக் கேட்கும் கருவிகள் பலவற்றில் போர்ட் எண் 5025; ரிகோல் ஆசிலோஸ்கோப்புகளில் 5555. நெட்கேட் கட்டளை கொண்டு அந்தப் போர்ட்டைத் திறந்து, நட்சத்திரக் குறி, ஐடிஎன், கேள்விக்குறி என்று தட்டி என்டர் அடித்தால் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு நான்கும் காற்புள்ளி பிரித்து ஒரே வரியில் வரும். அது வந்துவிட்டால் கருவி, கேபிள், முகவரி எல்லாம் சரி. இனி எந்தக் கோளாறு வந்தாலும் நிரல் பக்கம்தான்.

பழைய நிரல்கள் நேரடி சாக்கெட்டுக்குப் பதில் விஎக்ஸ்ஐ-11 நெறிமுறையைப் பயன்படுத்தும். இது முதலில் 111-ஆம் போர்ட்டில் விசாரித்து, வேறொரு போர்ட் எண்ணைப் பெற்று, அங்கே போய்ப் பேசும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் 111-ஐ மட்டும் திறந்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது வழக்கமான தடுமாற்றம். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்து செய்யும்போது இன்னொன்றும் சேரும். கருவியைத் தானாகத் தேடும் ஒலிபரப்புப் பொட்டலங்கள் நாட் எனும் முகவரி மாற்றத்தைத் தாண்டாது. கருவி தானே கணினியைக் கூப்பிடும் குறுக்கீட்டு இணைப்பும் உள்ளே வராது. நெட்வொர்க்கை பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் இரண்டும் சரியாகும். இதைவிடப் புதிய ஹைஸ்லிப் நெறிமுறைக்கு 4880 என்ற ஒரே போர்ட் போதும், தொல்லை குறைவு.

ஈத்தர்நெட்டுக்கு அளவீட்டுப் பக்கத்திலும் ஒரு நன்மை உண்டு. யுஎஸ்பி கேபிளின் தரைக் கம்பி, கருவியின் பிஎன்சி உறையையும் கணினியின் தரையையும் சேர்த்துக் கட்டிவிடும். சில மில்லிவோல்ட் அலையைப் பார்க்கும்போது கணினி பவர் சப்ளையின் சுவிட்சிங் இரைச்சல் திரையில் வந்து உட்காருவது இப்படித்தான். ஈத்தர்நெட் போர்ட்டின் உள்ளே சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. கவசமில்லாத சாதாரணக் கேபிளைப் போட்டால் இரண்டு தரைகளும் பிரிந்தே இருக்கும்.

சீரியல் போர்ட்: வைன் ஜெயிக்கும் இடம்

எளிய பவர் சப்ளைகள், மின்சுமைப் பெட்டிகள், பல மல்டிமீட்டர்கள், எல்சிஆர் மீட்டர்கள் எல்லாம் உள்ளுக்குள் சீரியல்தான். எஃப்டிடிஐ, சிஎச்340, சிபி2102 போன்ற சில்லுகளுக்கு லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. விண்டோஸ் டிரைவரை நிறுவவே வேண்டாம். நிரலை மட்டும் வைனில் நிறுவினால் போதும். செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது அனுமதி. சீரியல் போர்ட் கோப்பைத் திறக்கும் உரிமை டெபியன், உபுண்டு, ஃபெடோராவில் டயல்அவுட் குழுவுக்கு, ஆர்ச்சில் யுயுசிபி குழுவுக்கு. உங்கள் பயனர் பெயரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். டெர்மினலை மட்டும் மூடித் திறப்பது போதாது. நிரலை ரூட்டாக ஓட்டி இதைத் தாண்டப் பார்ப்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். வைனை ரூட்டாக ஒருமுறை ஓட்டினால் அமைப்புக் கோப்புகளின் உரிமை ரூட்டுக்கு மாறி, அடுத்த முறை சாதாரணப் பயனராக எதுவும் திறக்காத நிலை வரும்.

இரண்டாவது காம் எண். வைன் முதலில் கர்னல் காட்டும் டிடிஒய்எஸ் போர்ட்டுகளுக்கு காம்1 முதல் வரிசையாக எண் கொடுத்துவிட்டு, பிறகுதான் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு வரும். பல லினக்ஸ் விநியோகங்களில் மெய்யான சீரியல் போர்ட் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் 32 டிடிஒய்எஸ் கோப்புகள் இருக்கும். விளைவு, உங்கள் கருவி காம்33-இல் உட்கார்ந்திருக்கும். காம்9-க்கு மேல் உள்ள போர்ட்டைத் திறக்க விண்டோஸில் பெயரை வேறு விதமாக எழுத வேண்டும்; பழைய நிரல்கள் பலவற்றுக்கு அது தெரியாது. இன்னும் பழையவை காம்1 முதல் காம்4 வரை மட்டுமே பட்டியலில் காட்டும். ஆகவே எண்ணை நாமே கட்டிப்போட வேண்டும். வைனின் ரெஜெடிட்டைத் திறந்து, லோக்கல் மெஷின் கிளைக்குள் சாஃப்ட்வேர், அதற்குள் வைன், அதற்குள் போர்ட்ஸ் என்று ஒரு விசை அமையுங்கள். அதில் காம்1 என்ற பெயரில் ஒரு எழுத்து மதிப்பு சேர்த்து, கருவியின் கோப்புப் பாதையைக் கொடுங்கள். டிடிஒய்-யுஎஸ்பி-0 என்று கொடுக்காமல், டெவ் கோப்புறையில் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் இருக்கும் நீளப் பெயரைக் கொடுப்பது நல்லது. இரண்டு கருவிகளைச் செருகும் வரிசை மாறினால் 0, 1 எண்கள் இடம் மாறும். பை-ஐடி பெயர் சில்லின் வரிசை எண்ணோடு வருவதால் மாறாது. (விலை மலிந்த சில்லுகள் பலவற்றில் வரிசை எண்ணே இருக்காது. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் பை-பாத் பெயரைப் பிடியுங்கள். அது எந்த யுஎஸ்பி துளை என்பதைக் கொண்டு பெயரிடுகிறது.) பிறகு வைன்சர்வரை நிறுத்தித் தொடங்கினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

மூன்றாவது, போர்ட்டை வேறு யாரோ பிடித்து வைத்திருப்பது. மோடம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவை, புதிதாக வரும் சீரியல் கருவி மோடமாக இருக்குமோ என்று அதற்கு ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். பவர் சப்ளைக்கு அது புரியாத குப்பை. செருகிய முதல் சில விநாடிகள் பிழை காட்டி, பிறகு சரியாகும் கருவிகளின் மர்மம் பெரும்பாலும் இதுதான். உபுண்டு 22.04-இல் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய், சிஎச்340 சில்லைத் தன்னுடையது என்று எண்ணிப் பறித்துக்கொள்ளும். டிமெசேஜில் டிடிஒய்-யுஎஸ்பி-0 வந்து, அடுத்த நொடியே துண்டிக்கப்பட்டதாக வரி வரும். பிரெயில் திரை பயன்படுத்தாதவர் அந்தப் பொதியை நீக்கிவிடலாம்.

மல்டிமீட்டர் விஷயத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல மீட்டர்களில் சீரியல் கேபிள் ஒளி வழியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கணினிப் பக்கத்துச் சுற்றுக்கு மின்சாரம் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பிகளின் மின்னழுத்த வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது. டிடிஆர் மேலேயும் ஆர்டிஎஸ் கீழேயும் இருந்தால் சுற்று உயிர் பெறும். லினக்ஸில் சீரியல் போர்ட்டைத் திறந்த உடனே கர்னல் இரண்டையும் மேலே தூக்கிவிடும். வேறுபாடு இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு பைட்டும் வராது. டெர்மினல் நிரலில் சோதித்துவிட்டு "கேபிள் செத்துவிட்டது" என்று தூக்கிப் போடும் முன் ஆர்டிஎஸ்ஸைக் கீழே இறக்கிப் பாருங்கள். அதே கேபிள் வைனுக்குள் விண்டோஸ் நிரலோடு வேலை செய்யக்கூடும். அந்த நிரல் இரு கம்பிகளையும் தானே சரியாக அமைக்கிறது.

எஃப்டிடி2எக்ஸ்எக்ஸ் நூலகத்தைக் கேட்கும் நிரல்கள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்கு காம் போர்ட் தேவையே இல்லை. எத்தனை காம் எண் மாற்றினாலும் கருவி தெரியாது. அந்த டிஎல்எல் பெயரிலேயே ஒரு மாற்று நூலகம் கட்டி, அழைப்புகளை எஃப்டிடிஐ தரும் லினக்ஸ் நூலகத்துக்குத் திருப்பிவிடும் வழி இருக்கிறது. அப்போது கர்னலின் எஃப்டிடிஐ சீரியல் டிரைவரை அந்தக் கருவியிலிருந்து கழற்ற வேண்டும். சி மொழியில் கை பழகியவருக்கு ஒரு மாலை வேலை. மற்றவர்கள் விர்ச்சுவல் மெஷினுக்குப் போவதே மேல்.

யுஎஸ்பிடிஎம்சி: கர்னலுக்குத் தெரியும், வைனுக்குத் தெரியாது

மேசை ஆசிலோஸ்கோப்புகளும் சிக்னல் ஜெனரேட்டர்களும் யுஎஸ்பியில் பெரும்பாலும் இந்தத் தரத்தைப் பின்பற்றுகின்றன. லினக்ஸ் கர்னலில் 2008-இன் 2.6.28 பதிப்பிலிருந்தே இதற்கு டிரைவர் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் நிரல் விசா நூலகம் மூலமாகத்தான் இதைக் கேட்கும். விசா நூலகம் விண்டோஸ் கர்னல் டிரைவரோடும் பின்னணிச் சேவைகளோடும் பிணைந்தது. வைனில் அதன் நிறுவலே பெரும்பாலும் பாதியில் நிற்கும். இங்கே மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அதே கருவியில் ஈத்தர்நெட் இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் லினக்ஸ் பக்கத்திலிருந்து நேராகப் பேசுங்கள். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், கீசைட், ரோட் அண்ட் ஷ்வார்ஸ் மூன்றும் லினக்ஸுக்கு விசா நூலகம் தருகின்றன. பைத்தானில் பைவிசா-பை முழுக்கத் திறந்த மாற்று.

இயல்பாக இந்தக் கருவிக் கோப்பு ரூட்டுக்கு மட்டுமே திறக்கும். யுடெவ் விதி (கருவி செருகப்படும்போது லினக்ஸ் படிக்கும் விதி) ஒன்று எழுதி, தயாரிப்பாளர் எண்ணைக் குறித்து, யுஆக்சஸ் என்ற குறிச்சொல்லை ஒட்டினால் கணினி முன் அமர்ந்திருப்பவருக்கு உரிமை கிடைக்கும். விதிக் கோப்பின் பெயர் 73-ஐவிடச் சிறிய எண்ணில் தொடங்க வேண்டும். அந்தக் குறிச்சொல்லைப் படித்து உரிமை கொடுக்கும் விதி 73-இல் இருக்கிறது. நீங்கள் 99 என்று பெயரிட்டால் அது ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும். விதி சரியாக இருக்கும், பிழைச் செய்தி ஒன்றும் வராது, அனுமதி மட்டும் கிடைக்காது.

அலைவடிவத்தைப் படிக்கும்போது வரும் தரவின் முகப்பைப் பாருங்கள். ஹாஷ் குறி, பிறகு 9, பிறகு 000001200 என்று வந்தால்: 9 என்பது அடுத்து ஒன்பது இலக்கங்கள் வரப்போகின்றன என்கிறது, அந்த இலக்கங்கள் 1200 பைட் தரவு வருகிறது என்கின்றன. கடைசியில் ஒரு வரிமுடிவுக் குறி. இந்த 11 எழுத்துகளைக் கழிக்காமல் வரைந்தால் வரைபடத்தின் இடது ஓரத்தில் காரணமில்லாத முள் ஒன்று நிற்கும். வரிமுடிவை எதிர்பார்த்துப் படித்தால் இன்னும் மோசம்: மாதிரி மதிப்புகளில் தற்செயலாக 10 வந்தாலே நிரல் அதை வரிமுடிவு என்று எண்ணி நிறுத்திவிடும். நீளத்தை முகப்பிலிருந்து எடுத்து, அத்தனை பைட் வரும்வரை படிப்பதே சரி. கேள்வி அனுப்பிவிட்டு, பதிலைப் படிக்காமல் அடுத்த கேள்வியை அனுப்பினால் பழைய பதில் தூக்கியெறியப்படும்; கருவியின் பிழைப் பட்டியலில் மைனஸ் 410 ஏறும். கேட்காமலே படிக்கப் பார்த்தால் மைனஸ் 420. இந்த இரண்டு எண்களைக் கண்டால் டிரைவரைக் குறை சொல்லாமல் உங்கள் கட்டளை வரிசையைத் திரும்பப் பாருங்கள்.

சொந்த டிரைவர்: விர்ச்சுவல் மெஷினும் அதன் கண்ணிகளும்

கணினித் திரையையே நம்பியிருக்கும் யுஎஸ்பி ஆசிலோஸ்கோப்புகள், லாஜிக் அனலைசர்கள், சிப் புரோகிராமர்கள் பெரும்பாலும் இந்த வகை. விர்ச்சுவல்பாக்ஸோ, க்யூஇஎம்யு-கேவிஎம்மோ வைத்து உள்ளே மெய்யான விண்டோஸை நிறுவி, யுஎஸ்பி கருவியை உள்ளே அனுப்ப வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் உங்கள் பயனர் விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் இருந்தால்தான் கருவிகளின் பட்டியலே தெரியும். பதிப்பு 7.0-க்கு முந்தையதில் யுஎஸ்பி 2, 3 இரண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் தேவை. அது இல்லாமல் கருவி யுஎஸ்பி 1.1 வேகத்தில் தவழும் அல்லது இணையவே இணையாது.

எந்த விண்டோஸ் என்பதை டிரைவர்தான் முடிவு செய்யும். 64 பிட் விண்டோஸ் 32 பிட் கர்னல் டிரைவரை ஏற்றாது. பழைய கருவிக்கு 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தால் உள்ளே 32 பிட் விண்டோஸ்தான் போட வேண்டும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 7 போட்டால், யுஎஸ்பி 3 கன்ட்ரோலருக்கு அதனிடம் டிரைவர் இல்லை. விர்ச்சுவல் மெஷினின் அமைப்பில் யுஎஸ்பி 2 கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பழைய விண்டோஸை இணையத்தோடு இணைக்க வேண்டாம். நெட்வொர்க் அட்டையையே கழற்றிவிட்டு, பகிர்ந்த கோப்புறை வழியாகக் கோப்புகளை எடுங்கள். எல்லாம் ஒருமுறை வேலை செய்ததும் ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள்.

மிகப் பலரைத் தோற்கடிப்பது கருவி தன் எண்ணை மாற்றிக்கொள்வது. பல கருவிகளில் ஃபர்ம்வேர் நிரந்தரமாக இருக்காது. செருகும்போது சில்லுக்குள் இருப்பது சிறு ஏற்றி மட்டுமே. விண்டோஸ் டிரைவர் ஃபர்ம்வேரை ரேமுக்குள் அனுப்பும். கருவி யுஎஸ்பியிலிருந்து தானே கழன்று, புதிய எண்ணோடு மறுபடி இணையும். அஜிலென்ட் 82357பி என்ற யுஎஸ்பி-ஜிபிஐபி மாற்றி (ஜிபிஐபி என்பது பழைய அளவைக் கருவிகளின் இணைப்பு முறை) நல்ல எடுத்துக்காட்டு: செருகியதும் 0957:0518, ஃபர்ம்வேர் ஏறியதும் 0957:0718. நீங்கள் முதல் எண்ணை மட்டும் விர்ச்சுவல் மெஷினுக்கு அனுப்பியிருந்தால் ஃபர்ம்வேர் ஏறும், பிறகு கருவி லினக்ஸ் பக்கம் வந்து நின்றுவிடும். உள்ளே விண்டோஸ் "கருவி துண்டிக்கப்பட்டது" என்று மணியடிக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு எண்களுக்கும் தனித்தனி ஃபில்டர் போடுங்கள். க்யூஇஎம்யுவில் எண்ணைக் குறிக்காமல் பஸ் எண்ணும் போர்ட் எண்ணும் கொடுத்தால், அந்தத் துளையில் எது செருகப்பட்டாலும் எத்தனை முறை எண் மாறினாலும் உள்ளேயே போகும். இதுவே எனக்குச் சரியான தீர்வாகப் படுகிறது. மேசையில் ஒரு யுஎஸ்பி துளையை அளவைக் கருவிக்கென்றே ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது வேகம். சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 சில்லை வைத்துக் கட்டிய லாஜிக் அனலைசர், எட்டு சேனலை விநாடிக்கு 2.4 கோடி முறை படிக்கும். விநாடிக்கு 24 மெகாபைட். யுஎஸ்பி 2-இன் தாங்கும் அளவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சில்லுக்குள் இருக்கும் தற்காலிகச் சேமிப்பிடம் (பஃபர்) 4 கிலோபைட் மட்டுமே. 24 மெகாபைட் வேகத்தில் அது நிரம்ப ஏறத்தாழ 170 மைக்ரோவிநாடி போதும். கணினிப் பக்கம் அடுத்த கோரிக்கை தயாராக இல்லாமல் அதற்கு மேல் ஒருமுறை தாமதித்தாலும் மாதிரிகள் சிந்திவிடும். விர்ச்சுவல் மெஷினில் ஒவ்வொரு யுஎஸ்பி கோரிக்கையும் விண்டோஸ், மெய்நிகர் கன்ட்ரோலர், லினக்ஸ், மெய்யான கன்ட்ரோலர் என்று நான்கு கை மாறுகிறது. குறைந்த வேகத்தில் அழகாக ஓடி, வேகத்தைக் கூட்டியதும் "தரவு இழப்பு" என்று நிற்பதன் காரணம் இதுவே. மாதிரி வேகத்தைப் பாதியாக்கிப் பார்க்கலாம். மெய்யான தீர்வு, யுஎஸ்பி கன்ட்ரோலர் அட்டையை முழுதாக விஎஃப்ஐஓ (வன்பொருளை விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுக்கும் லினக்ஸ் வசதி) வழியாக உள்ளே ஒப்படைப்பது. இதற்கு மதர்போர்டில் ஐஓஎம்எம்யு (அட்டைகளின் நினைவக அணுகலைப் பிரித்து வைக்கும்) வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த அட்டை தனி ஐஓஎம்எம்யு குழுவில் இருக்க வேண்டும். ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் யுஎஸ்பி அட்டையைத் தனியாகப் போட்டு அதையே ஒப்படைத்தால், விசைப்பலகையும் மவுஸும் கூடவே உள்ளே போய்விடும் தொல்லை இருக்காது. எண் மாறும் சிக்கலும் இதோடு ஒழியும்.

ஜிபிஐபி அட்டை வைத்த பழைய மேசைகளுக்கு இத்தனை சுற்று வேண்டாம். லினக்ஸ்-ஜிபிஐபி டிரைவர்கள் பல ஆண்டுகளாகத் தனித் திட்டமாக இருந்து, கர்னல் 6.13-இல் ஸ்டேஜிங் (சோதனைநிலை டிரைவர்களுக்கான) பகுதிக்குள் வந்துவிட்டன.

நிரல் உண்மையில் என்ன செய்கிறது?

விர்ச்சுவல் மெஷினில் பத்து நிமிடம் செலவிட்டுக் கருவித் திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்) ஒன்றைச் சேமிப்பதும், சிஎஸ்வி கோப்பு ஒன்றை எடுப்பதும்தான் உங்கள் தேவை என்றால், அதை எஸ்சிபிஐ கட்டளையில் பைத்தான் கொண்டு இருபது வரியில் முடிக்கலாம். தயாரிப்பாளரின் புரோகிராமிங் கையேடு பெரும்பாலும் தளத்திலேயே கிடைக்கும். அதைப் படிக்காமலே விண்டோஸ் நிரலைத் துரத்துவது வீண் உழைப்பு. லாஜிக் அனலைசர்களுக்கும் பல மல்டிமீட்டர்களுக்கும் சிக்ரோக் எனும் திறந்த மென்பொருள் இருக்கிறது. மேலே சொன்ன 0925:3881 வகைக் கருவிக்கு அது தன் திறந்த ஃபர்ம்வேரை ஏற்றி, தன் பல்ஸ்வியூ திரையில் ஐ2சி, எஸ்பிஐ, யுஏஆர்டி நெறிமுறைகள் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். சில மல்டிமீட்டர்களின் எச்ஐடி கேபிளையும் சிக்ரோக் நேரடியாகப் படிக்கிறது. வைனுக்குள் எச்ஐடி கருவியைக் காட்டப் பாடுபடுவதைவிட இது சுலபம்.

கையேடு இல்லாத, சிக்ரோக் அறியாத கருவி என்றால் விர்ச்சுவல் மெஷினே உங்களுக்கு ஆசிரியர். லினக்ஸில் யுஎஸ்பிமான் கர்னல் கூறை ஏற்றி, வயர்ஷார்க்கில் அந்த பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே விண்டோஸ் நிரல் கருவிக்கு அனுப்பும் ஒவ்வொரு பைட்டும் வெளியே தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொத்தானை மட்டும் அழுத்துங்கள். பவர் சப்ளையில் 5.00 வோல்ட் அமைத்து அந்தப் பொட்டலத்தைக் குறித்துவையுங்கள், பிறகு 5.01. இரண்டுக்கும் இடையே மாறிய பைட் மின்னழுத்தம். அதோடு கடைசி பைட்டும் மாறியிருந்தால் அது சரிபார்ப்புக் கூட்டுத்தொகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எளிய கருவிகளின் நெறிமுறை முழுவதும் இப்படி ஒரே நாளில் வெளிவந்துவிடும்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பை மட்டும் வைனிலோ விர்ச்சுவல் மெஷினிலோ செய்யாதீர்கள். புதுப்பிப்பின் நடுவே கருவி ஏற்றி நிலைக்குப் போய் வேறு எண்ணோடு திரும்பி வரும். அந்த நொடியில் இணைப்பு உள்ளே போகாமல் வெளியே நின்றுவிட்டால், பாதி எழுதிய ஃபர்ம்வேரோடு கருவி எழாமலே போகலாம். பென்டிரைவில் இருந்து புதுப்பிக்கும் வசதி கருவியில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஃபேட்32 வடிவமைத்து, கோப்பின் பெயரை மாற்றாமல், மேல்தளத்தில் வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் மெய்யான விண்டோஸ் கணினி ஒன்றை இரவல் வாங்குங்கள்.